இளையவள் என்ன ஆனாள்?

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில் என் வீட்டு ஹாலில் என் மகனும் அவனோடு பெங்களூரிலிருந்து வந்திருந்த சிநேகிதர்களும் பெரிய சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கென்று வந்த பிள்ளைகள், கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏதோ டிராகன் பறக்கிற தொடராம். கடலில் விழுந்த வாள் அடுத்த சீசனில் எப்படி ஒருத்தி இடுப்பில் வந்தது, சாபம் வாங்கிய தம்பியை அப்புறம் ஏன் யாருமே தேடவில்லை, எழுதினவனுக்கு ஞாபகமறதியா இல்லை எல்லாம் திட்டமா, இதுதான் விவகாரம். நான் போண்டாத் தட்டை வைத்துவிட்டு, "அந்தத் தம்பிதான் மாறுவேஷத்துல வர்றானோ என்னமோ" என்றேன். "அம்மா, இதெல்லாம் ஃபேன் தியரி. உனக்குப் புரியாது" என்றான் மகன்.

எனக்கா புரியாது? டிவி கூட வராத காலத்தில், தேரடிப் பக்கம் ஒரு சலூன் பெஞ்சில் உட்கார்ந்து அரை வருஷம் இதே வேலையைப் பார்த்தவள் நான். எங்களைப் போல ஒரு கதையைக் குடைந்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

அப்பாவுக்கு அங்கே வாடகை சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. எங்கள் கடைக்கும் பக்கத்துச் சலூனுக்கும் நடுவில் சுவர் இல்லை, பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் ரப்பர் சொல்யூஷன் வாசனை, அந்தப் பக்கம் ஸ்நோவும் படிகாரமும். பலகைச் சந்துகள் வழியாக இரண்டும் கலந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் எங்காவது அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு எட்டு வயது ஆகிவிடுகிறது.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் அக்கா வயதுக்கு வந்தாள். சடங்கு சுற்றி, சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது என் பையை மட்டும்தான் அம்மா எடுத்துக் கொடுத்தாள். அக்கா பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். பாவாடை தாவணியில் தயாராக நின்றாள். "தீபம் முடியட்டும், பாக்கலாம்" என்றார் அப்பா. கார்த்திகைத் தீபத்துக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அக்காவுக்கும் தெரியும், அப்பாவுடைய 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தமென்று.

அம்மாவுக்கு அவள் படிப்பைப் பற்றி ஒரே ஒரு குறைதான். "எதைச் சொன்னாலும் ஏன் எதுக்குனு கேக்குறா. இந்த வாயை எந்த மாமியாக்காரி தாங்குவா? எல்லாம் ஸ்கூலுக்கு அனுப்பின வெனை." வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் இதே அபிப்பிராயம்தான். கேள்வி கேட்கிற வியாதி பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது, போகாமலிருந்தால் தானாகத் தெளிந்துவிடும் என்று நினைத்தார்கள். பாவம், அவள் பால்குடி மறந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அவளைச் சும்மா உட்காரவைக்கவில்லை. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், வாசலுக்குத் தெரியாத மூலையில் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து பங்க்சர் பார்க்க வேண்டும். ட்யூபைக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று கண்டுபிடித்து, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வைப்பாள். ஒட்டுவது அப்பா. நான் சின்னப்பெண், எந்தக் கடைக்குள்ளும் நுழையலாம். அதனால் ஞாயிறு காலையில் சலூனில்தான் இருப்பேன்.

அங்கே வாராவாரம் ஒரு பத்திரிகை வரும். அதில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை. கல்லாகிப் போன ராஜாவை மீட்க அவருடைய இரண்டு பெண்கள், மூத்தவளும் இளையவளும், ஏழு மலை தாண்டி ராட்சசன் கோட்டைக்குப் போகிறார்கள். கூட ஒரு வெள்ளைக் குதிரை. கதையைக் காலேஜ் அண்ணன் உரக்கப் படிப்பார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர், சொந்தமாகப் பத்திரிகை வாங்க வசதியில்லை. சலூன் மாமா முகத்தில் நுரை தடவிக்கொண்டே கேட்பார். கேட்பதில் இன்னொருவர் ஜட்கா வண்டிக்காரர். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குச் சவாரி அடிப்பவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்க வருகிற நேரத்தில் சவாரி கூப்பிட்டால் கூட எழுந்திருக்கமாட்டார். மாமா தவிர நாங்கள் மூவரும் பெஞ்சில் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அளைகிற சத்தம் நின்றுபோனால், அக்காவும் கேட்கிறாள் என்று அர்த்தம்.

ஆனி மாதம் வரைக்கும் கதை ஒழுங்காகத்தான் போனது. ஆடியில் கோணிக்கொண்டது. ஒரு வாரம் தாகத்தில் மூத்தவள் மயங்கி விழுகிறாள், இளையவள் விளக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிக் குகைக்குள் போகிறாள். அத்தோடு அந்த வாரம் தீர்ந்தது. அடுத்த வாரம் மூத்தவள் பாட்டுக்கு எழுந்து மூன்றாவது மலையில் ஏறிக்கொண்டிருக்கிறாள். இளையவளைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இன்னாப்பா இது, கூடப் பொறந்தவளை உட்டுட்டுப் போறா?" என்றார் சலூன் மாமா, கத்தியை நிறுத்தி.

அதைவிடப் பெரிய ரகளை குதிரையால் வந்தது. ஒரு வாரம் குதிரை அம்பு பட்டு விழுந்து கண்ணை மூடியது. அடுத்த வாரம் ஆற்றைத் தாண்டியது. ஜட்காக்காரர் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டார்.

"குதிரை கண்ணு மூடிப் படுத்துச்சுன்னா முடிஞ்சுது. நான் மூணு குதிரை பொதைச்சவன். அது எப்டி எழுந்துக்கும்?"

"இது மந்திரக் குதிரைண்ணே" என்றார் காலேஜ் அண்ணன்.

"மந்திரக் குதிரைன்னா அம்பு மட்டும் எப்டி பட்டுது?"

அப்போதுதான் முதல் தடவையாகப் பலகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ராட்சசன் கண்கட்டு வித்தை காட்டியிருப்பான். செத்த மாதிரி இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நுரை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "யாருய்யா பலகைக்குள்ள?" என்று பயந்துபோனார். சலூன் மாமா சிரித்தார். "சைக்கிள்கடைப் பெரிய பொண்ணு. சொல்றது சரியாத்தான் கீது." அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூட்டத்தில் பலகைக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது. ஜட்காக்காரர் சந்தேகம் வந்தால் நேராகப் பலகையைப் பார்த்துத்தான் கேட்பார். "ஏம்மா, அந்தக் கெழவி குடுத்த வேரை மூத்தவ எங்க வெச்சா?" அக்கா பதில் சொல்லுவாள். ஒரு தடவை கூடத் தாளைக் கண்ணால் பார்க்காதவள், கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, இன்ன வாரத்தில் இன்னது நடந்தது என்று அடுக்குவாள். அவள் அந்த மூலையில் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் சிரித்ததுதான். மற்ற நாட்களில் சாயங்காலம் நான் பையோடு வரும்போது என் பாடப் புத்தகத்தை வாங்கி, மூன்றாம் வகுப்புப் புத்தகம் அது, முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருப்பாள்.

எல்லா ஓட்டையையும் அவளால் அடைக்க முடிந்தது, இளையவளை மட்டும் முடியவில்லை. காலேஜ் அண்ணன், "எழுத்தாளர் மறந்துட்டாரு, அவ்ளோதான்" என்றார். ஜட்காக்காரர், "குகையில பாம்பு கடிச்சிருக்கும்" என்றார். அக்காவுக்குப் பயங்கரக் கோபம். "வெளக்கோட உள்ள போனவளை அப்டியே உடுவாங்களா? வருவா. கண்டிப்பா வருவா."

கார்த்திகை வந்தது. ஊரே புரண்டுகொண்டிருந்தது. தேர், மாட்டுச் சந்தை, லாரி லாரியாக ஜனம். அப்பாவுக்கும் ஜட்காக்காரருக்கும் மூச்சுவிட நேரமில்லை. தீபம் முடிந்து கூட்டம் வடிந்த பின், மலை உச்சியில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்த ஒரு நாள், தொடரின் கடைசி வாரம் படிக்கப்பட்டது. தலைப்பிலேயே 'கடைசிப் பகுதி' என்று போட்டிருந்தது. மூத்தவள் கோட்டையின் உள்கதவைத் திறக்கிறாள். திறந்தாள் என்பதோடு நின்றுவிட்டது. 'முற்றும்' கூட இல்லை.

"ராட்சசன் செத்தானா? ராஜா எழுந்தாரா?" சலூன் மாமா கிட்டத்தட்ட அழுதுவிட்டார். ஜட்காக்காரர் எழுத்தாளரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். "தீபம் பாக்க வந்து கூட்டத்துல மாட்டிக்கிட்டு இருப்பாருய்யா, எப்டி எழுதுவாரு" என்று ஒரு வாடிக்கைக்காரர் சமாதானம் சொன்னார்.

பலகைக்குள்ளிருந்து அக்கா பேசினாள். "பாப்பா, இப்ப முடிஞ்சுதே, அந்தத் தாளு அடியில நம்பரு பாரு. அடுத்த தாளுலயும் பாரு."

பார்த்தேன். நடுவில் ஒரு தாளுக்கான எண்கள் இல்லை.

"பழைய புக்கையும் பாரு."

மூலையில் கிடந்த பழைய இதழ்களைப் புரட்டினேன். ஆடியிலிருந்து எல்லாவற்றிலும் தொடர் முடிகிற இடத்தில் அதே மாதிரி எண் தாவியிருந்தது. கிழித்த அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக அறுத்திருந்தது.

"ஒரே எடத்துல திரும்பத் திரும்ப பங்க்சர் ஆவுதுன்னா டயருக்குள்ள முள்ளு இருக்குன்னு அர்த்தம்" என்றாள் அக்கா. "எழுதினவரு மேல தப்பில்ல. நமக்குத்தான் தாளு வரல."

அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா வந்தார். விஷயத்தைப் பாதிதான் கேட்டார். மீதியைக் கேட்க என்ன அவசியம்? புத்தகத்தில் தாள் இல்லை, பக்கத்தில் நான் நிற்கிறேன். என் காதைப் பிடித்துத் திருகினார். "கப்பல் செய்யக் கிழிச்சியா?"

"அண்ணே, உடுங்க, உடுங்க." சலூன் மாமா சோப்புக் கையோடு குறுக்கே வந்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. "சாமி படம் இருந்துச்சே, அந்தத் தாளா?"

ஆடி மாதத்திலிருந்து அந்தப் பத்திரிகை வாராவாரம் ஒரு கோயில் சாமியை முழுப் பக்கத்தில் கலரில் போட்டிருக்கிறது. மாமா விடியற்காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக, சவரக்கத்தியால் அந்தத் தாளை ஓரமாக அறுத்து எடுத்துவிடுவார். பெஞ்சில் கிடந்தால் யாராவது சாமி மேல் உட்கார்ந்துவிடுவார்களே. மயிர் விழுமே, நுரை தெறிக்குமே. மைதாப் பசை காய்ச்சிச் சுவரில் ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். பின்பக்கத்தில் என்ன இருக்கிறதென்று திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. எந்தக் கதைக்காக வாராவாரம் எங்களோடு சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டாரோ, அதன் முடிவுகளை அவர் கையாலேயே சுவரில் ஒட்டியிருக்கிறார்.

எல்லோரும் திரும்பினோம். பெஞ்சுக்குப் பின்சுவர் முழுக்கச் சாமிகள். இத்தனை மாதமும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

"சாமியை எப்டிய்யா உரிக்கிறது?" என்றார் மாமா. ஜட்காக்காரர், "உரிக்க வேணாம், மெதுவா எழுப்பு" என்றார். மாமா சூடம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சவர பிரஷை வெந்நீரில் தோய்த்து, முகத்துக்குத் தடவுவதைவிட மென்மையாகத் தடவினார். நன்றாக ஊறியதும் முனையைப் பிடித்து இழுத்தார். சாமிக்குச் சேதமில்லை. வழவழப்பான மேல்தாளோடு கைக்கு வந்துவிட்டார். பின்பக்கத்து எழுத்து மட்டும் பசையில் பிடித்துக்கொண்டு, மெல்லிய சருகாகச் சுவரிலேயே தங்கிவிட்டது. பின்புறத்திலிருந்து தெரிவதால் எல்லாம் இடம்வலம் மாறிய எழுத்து. மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குக் காது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பினேன். சலூனில் கண்ணாடிக்கா பஞ்சம்? சுவர் மொத்தமும் கண்ணாடிக்குள் நேராகத் தெரிந்தது. "மாமா, இதுல படிக்கலாம்!" என்று கத்தினேன்.

காலேஜ் அண்ணன் எழுந்தார். ஜட்காக்காரர் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீ உக்காரு தம்பி. அந்தப் பொண்ணைக் கூப்புடுங்க. கண்டுபிடிச்சது அது, படிக்க வேண்டியதும் அதுதான்."

"வயசுப் பொண்ணை சலூனுக்குள்ளயா?" என்றார் அப்பா.

அக்கா ஏற்கெனவே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் உப்புத்தாள் கறுப்பு, பாவாடை ஓரத்தில் ஈரம். அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சலூன் மாமா துண்டை உதறிச் சுழல்நாற்காலியைத் தட்டினார். "வாம்மா. ஒக்காரு." அப்பா வழிவிட்டார். விலகி நின்றார் என்பதுதான் சரி, ஆனால் உள்ளே போக அது போதுமானதாக இருந்தது.

அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து அக்கா படித்தாள். மாமா ஒவ்வொரு சாமியாக எழுப்ப எழுப்ப அவள் படித்தாள். குதிரை செத்தது கண்கட்டு வித்தைதான். ஜட்காக்காரர் துண்டால் மூக்கைச் சிந்தினார். வேர் எங்கே போனது, மூத்தவள் மயக்கம் எப்படித் தெளிந்தது, எல்லாம் இருந்தது. யாரோ குகை வாயிலில் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரென்று அந்தத் தாளில் இல்லை. ஏழு மாதமாகப் பள்ளிக்கூட வாசனை படாதவள் ஒரு எழுத்துத் தட்டாமல் படித்தாள். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் படித்து அவர் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. கடைசி வாரத்துப் படம். மலை உச்சியில் தீபம் எரிகிற படம். மாமா பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

"இது மட்டும் வேணாம் தாயி. மேல தீபம் எரிஞ்சிக்கினு கீது. கீழ நான் தீபத்தை எப்டி எடுப்பேன்? கை வராது."

எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரால் பேச முடியும்? அக்கா கண்ணாடியில் அந்தப் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி மாமா. உடுங்க" என்று எழுந்தாள். நாற்காலி தானாகக் கொஞ்சம் சுற்றி நின்றது. அவள் படியிறங்கப் போனாள், மூலைக்கு, தொட்டிக்கு.

"அப்ப அந்தச் சின்னவ இன்னாதான் ஆனா?"

கேட்டது அப்பா. எல்லோரும் அவரைப் பார்த்தோம். கதையென்றால் காதைப் பொத்திக்கொள்கிற மனிதர், கையில் எண்ணெய்த் துணியோடு, உண்மையிலேயே பதில் வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் அக்கா ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நாங்கள் நினைத்தது எவ்வளவு தப்பு!

அக்கா படியிலேயே திரும்பி நின்றாள். "தெரியலப்பா. எங்க க்ளாஸ்ல அந்தப் புக்கு வாங்குறவங்க ரெண்டு மூணு பேரு இருக்காங்க. ஸ்கூலுக்குப் போனா கேட்டுக்கினு வரலாம்."

அப்பா எண்ணெய்த் துணியால் சுத்தமான கையையே மறுபடி துடைத்தார்.

"நாளைக்குப் போயி கேட்டுக்கினு வா" என்றார்.

மறுநாள் பாதி வருஷம் கழித்து வந்ததற்காகத் தலைமையாசிரியை அப்பாவை வராந்தாவில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அக்கா வந்ததும் முதல் கேள்வி, "கேட்டியா?"

"கேட்டேம்பா. எவளுக்கும் ஞாபகமில்ல. பி செக்‌ஷன்ல ஒருத்தி கிட்ட புக்கு இருக்காம், நாளைக்குக் கேக்கணும்."

மறுநாள் பி செக்‌ஷன்காரிக்குக் காய்ச்சல். அப்புறம் அவள் புத்தகத்தை அவள் சித்தி ஆரணிக்கு எடுத்துப் போய்விட்டாள். அப்புறம் அரைப்பரீட்சை, யாரும் பேசுவதில்லை. அப்பா தினமும் கேட்டார், அக்கா தினமும் ஒரு காரணம் சொன்னாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "ஒரு கதைக்கு முடிவு கேக்க ஒரு வருஷமா?" எனக்கு மட்டும் தெரியும். முதல் நாளே அக்கா என்னிடம் பாயில் படுத்துக்கொண்டு முடிவைச் சொல்லிவிட்டாள். வெளியே விட்டால் வாயில் சூடு போடுவேன் என்றும் சொன்னாள்.

பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று, அக்கா பையைக்கூட இறக்காமல் அப்பா முன்னால் போய் நின்றாள். அப்பா ஒரு சக்கரத்தைத் தலைகீழாக மாட்டிக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தச் சின்னவ சாவல. குகை வழியா அந்தாண்ட மலைக்கு வெளிய வந்துட்டா. ராட்சசன் வீட்டுலயே சமையக்காரியா சேந்து, அக்காவுக்கு வழியெல்லாம் ரகசியமா தண்ணி வெச்சிக்கினு இருந்தா. கடைசிக் கதவைத் தொறந்தா, உள்ள அவதான் நிக்கிறா." ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு மொத நாளே தெரியும்பா. மேல படிக்கணும்னுதான் சொல்லாம இருந்தேன்."

அப்பா சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார். "பொங்கலுக்கு சலூன்ல சுண்ணாம்பு அடிக்கறதுக்கு அந்தப் படத்தை எடுத்தான். சவரம் பண்ண ஒக்காந்தேன். கண்ணாடியில இருந்துச்சு, படிச்சுட்டேன்."

அக்கா பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பள்ளிக்கூடம் நின்ற நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. பொங்கலுக்குப் பிறகும், ஒவ்வொரு சாயங்காலமும், ஒன்றும் தெரியாத மாதிரி "கேட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார், "எழுந்திரு. பதினொண்ணாவதுக்கு எப்ப மனு போடணும்னு விசாரிச்சுக்கினு வா."